வயதான நாய்க்குக் கடைசி வீடு: காவிரி டெல்டாவில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுத் திண்ணையில் இதுவரை வயதான நாய்கள் நான்கு தங்கள் கடைசிக் காலத்தைக் கழித்திருக்கின்றன. ஒன்று 40 நாள்தான் இருந்தது, இன்னொன்று மூன்றரை வருடம். நாய் எடுத்த அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போய் உதவியிருக்கிறேன். போன இடத்திலெல்லாம் அன்புக்குக் குறைவே இல்லை. வரிசைதான் மாறிப்போகிறது. வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு மருத்துவரைத் தேடுகிறார்கள், குளிப்பாட்டிய பிறகு காய்ச்சல் என்று தெரிகிறது, நாய் விழுந்த பிறகு தரைக்குச் சாக்கு விரிக்கிறார்கள். அந்த வரிசையைச் சரிசெய்யத்தான் இதை எழுதுகிறேன்.

காப்பகத்திலிருந்தோ, தெருவிலிருந்தோ, யாரோ கைவிட்டுப் போனதாலோ உங்களிடம் வரும், 8 வயதைத் தாண்டிய நாய்களுக்கு இது பொருந்தும்.

1. நாயைப் பார்க்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்

நாயின் முகத்தைப் பார்த்துவிட்டால் மனம் இளகிவிடும், அதற்கப்புறம் கணக்கு பேச வராது. அதனால் பேச்சு முதலில்.

மூன்று கேள்விகளுக்கு ஆள் பெயரோடு பதில் வேண்டும். பகலில் வீட்டில் இருப்பது யார்? ராத்திரி 2 மணிக்கு நாய் வெளியே போக முனகினால் எழுந்திருப்பது யார்? கல்யாணம், துக்கம் என்று எல்லோரும் ஊருக்குக் கிளம்பினால் சோறும் மருந்தும் கொடுப்பது யார்? "எல்லாரும் பார்த்துக்கலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். நம் பக்கத்தில் பிள்ளைகள் சென்னைக்கோ திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட, கடைசியில் வேலை அம்மாவின் தலையில் விழுகிறது. அம்மாவுக்கே மூட்டு வலி என்றால் 30 கிலோ லாப்ரடாரைத் தூக்கி நிறுத்த முடியாது. 10, 12 கிலோவுக்குள் இருக்கும் நாயைத் தேடுங்கள்.

பண விஷயத்தில், மாதச் சாப்பாடும் மாத்திரையும் ஒரு கணக்கு, திடீர்ச் செலவு வேறு கணக்கு. உங்கள் ஊர்ப் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் ஓர் அறுவை சிகிச்சைக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டு, அந்தத் தொகையைத் தனியாக வையுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வயதான நாயை இரண்டாவது முறை இடம் மாற்றினால் அது சாப்பாட்டை விட்டுவிடும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், இந்த நாய் நம்மோடு கொஞ்ச காலம்தான் இருக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உண்மையைத் தாங்குவார்கள். மறைத்ததைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

2. இரண்டு முறை போய்ப் பாருங்கள்

ஒரு முறை காலையில், ஒரு முறை சாயங்காலம். காலையில் எழும்போது மூட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரியும். சாயங்காலம் போனால், நாள் முழுக்கக் களைத்த நாய் மனிதர்களிடமும் மற்ற நாய்களிடமும் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியும்.

கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் உட்கார்ந்திருங்கள். எழுவதற்கு எத்தனை முயற்சி ஆகிறது, தண்ணீர்ச் சட்டியை மோந்து தேடுகிறதா பார்த்துப் போகிறதா, சோற்றை ஒரு பக்கமாக மெல்லுகிறதா, சிறுநீர் போக முக்குகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கமாக மெல்லும் நாய்க்குப் பெரும்பாலும் பல்வலி இருக்கும்.

முகத்து நரையை வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள், சில நாய்களுக்கு 4 வயதிலேயே மூக்கோரம் வெளுக்கும். பல்லின் தேய்மானம், கண்மணியில் படரும் நீலப் புகை, உடம்பின் சதை எல்லாவற்றையும் சேர்த்து மருத்துவர் சொல்வதே கணக்கு. அதுவும் தோராயம்தான்.

இதுவரை பார்த்துக்கொண்டவரிடம் கேட்க வேண்டியவை: எந்தப் பெயருக்குத் திரும்புகிறது, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறது, எதற்குப் பயப்படுகிறது, யாரையாவது கடித்திருக்கிறதா, என்ன ஊசி போட்டிருக்கிறது. பழைய பெயரை மாற்றாதீர்கள். கிளம்பும்போது அது படுத்த துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வையுங்கள், துவைக்கக் கூடாது. முதல் இரவில் அந்த வாசனைதான் அதற்குத் தெரிந்த ஒரே வீடு.

3. வீட்டுக்கு முன் மருத்துவரிடம்

அதிகம் பேர் தவறவிடும் படி இது. "முதலில் வீட்டுக்கு வரட்டும், நாலு நாள் தேறட்டும், பிறகு காட்டலாம்" என்பார்கள். அந்த நாலு நாளில் உண்ணி சுவர் இடுக்கில் முட்டை போட்டிருக்கும், உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நாய்க்கு இருமல் தொடங்கியிருக்கும்.

மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: முழு ரத்தப் பரிசோதனை, சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி என்று காட்டும் ரத்தச் சோதனை, சிறுநீர்ச் சோதனை, உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனை, இதயத் துடிப்பு, பல், எடை. உண்ணிக் காய்ச்சல் நம் ஊர் நாய்களிடம் சத்தமில்லாமல் இருக்கும். வெளியே தெரிவது சோர்வும் வெளுத்த ஈறும்தான், பார்ப்பவர்கள் "வயசாச்சு" என்று விட்டுவிடுவார்கள். எங்கள் கறுப்பியையும் அப்படித்தான் கிழவி என்று கொடுத்தார்கள். ஒரு மாத மாத்திரைக்குப் பிறகு அவள் வாய்க்கால் கரையில் ஓடினாள். அந்த மாத்திரையை நாய் தேறியதும் பாதியில் நிறுத்தாதீர்கள், சொன்ன நாள் முழுக்கக் கொடுத்தால்தான் கிருமி அடங்கும்.

கருத்தடை செய்யாத பெண் நாயென்றால் கர்ப்பப்பையில் சீழ் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பருவம் முடிந்து சில வாரத்தில் தண்ணீர் அதிகம் குடிப்பது, பின்புறம் கசிவு, வாந்தி என்று வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். தெருவில் வளர்ந்த நாய்களுக்குப் பிறப்புறுப்பில் பூக்கோசு போல ரத்தம் கசியும் கட்டி வருவதுண்டு. அதைப் பார்த்துவிட்டு நாயை வேண்டாமென்று சொல்லாதீர்கள், வாரம் ஒரு ஊசியாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

ரேபிஸ் தடுப்பூசியும் எலிக்காய்ச்சல் அடங்கிய கூட்டுத் தடுப்பூசியும் எப்போது போடலாம் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், காய்ச்சலில் இருக்கும் நாய்க்கு அவர் தள்ளிப்போடலாம். குடற்புழு, உண்ணி மருந்துகளும் எடை பார்த்துத்தான். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை நாய் மேல் தடவுவது டெல்டாவில் சர்வ சாதாரணம். கிழ நாய்க்கு அது விஷமாகும்.

ஊர்க் கால்நடை மருந்தகத்தில் ரத்தச் சோதனை வசதி இல்லையென்றால் மாவட்டத் தலைநகருக்குப் போங்கள். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சிக்கலான கேஸ் என்றால் அங்கே காட்டலாம். காலையிலேயே போய்விடுங்கள், மாடு ஆடுகளோடு வரிசை நீளும்.

4. வீட்டை நாயின் காலால் பாருங்கள்

கிழ நாய்க்கு முதல் எதிரி வழுக்கும் தரை. டைல்ஸ், கிரானைட், மெழுகினாற்போல் தேய்ந்த பழைய சிவப்பு சிமெண்டுத் தரை எல்லாமே ஆபத்து. பின்னங்கால் ஒரு முறை விரிந்து விழுந்தால், அதற்கப்புறம் நாய் எழவே பயப்படும். படுக்கையிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து கொல்லைக் கதவுக்கும் சாக்கோ தென்னைநார் விரிப்போ ஒரு பாதை மாதிரி போடுங்கள். முழு வீட்டுக்கும் வேண்டாம், அது தினமும் நடக்கும் வழிக்குப் போதும்.

பழைய வீடுகளில் நிலைப்படி உயரம். ஒரு பலகையைச் சரிவாக வைத்து மேலே சாக்கை ஆணியடித்துவிடுங்கள்.

படுக்கை, ஆட்கள் நடமாட்டம் தெரியும் ஆனால் யாரும் தாண்டிப் போகாத மூலையில் இருக்கட்டும். கூடத்தின் ஓரம் நல்ல இடம். கொல்லையில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் தள்ளிவிட்டால் அது இன்னொரு கைவிடல் போலத்தான் நாய்க்குத் தோன்றும். வைக்கோல் படுக்கை வேண்டாம்: மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், உண்ணி ஒளிய இடமாகும். பழைய ரஜாயை நாலாக மடித்து, துவைக்கக்கூடிய உறை போட்டால் முழங்கை எலும்பு தரையில் உரசாது. தண்ணீருக்கும் சோற்றுக்கும் மண் சட்டியை ஒரு செங்கல் உயரத்தில் வையுங்கள், கழுத்தை ரொம்பக் குனிய வேண்டியிருக்காது.

பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, திறந்த கழிவுநீர்த் தொட்டி, படித்துறைக்கு இறங்கும் வழி எல்லாவற்றையும் அடையுங்கள். பூச்சி மருந்து டப்பாவும் எலி மருந்தும் எங்கே இருக்கிறது என்று தேடிப் பூட்டுங்கள். பக்கத்து வயல்காரரிடமும் சொல்லிவையுங்கள். பயிர் கதிர் வாங்கும் நேரத்தில் எலிக்கு மருந்து வைப்பார்கள், பசித்துப் பழகிய நாய் எதையும் தின்னும்.

5. கூட்டி வரும் நாள்

முற்பகலில் கூட்டி வாருங்கள். இருட்டுவதற்குள் வீட்டை மோந்து பழக நேரம் வேண்டும். பேருந்தில் முடியாது, ஆட்டோவோ தெரிந்தவர் காரோ சொல்லிவையுங்கள். கிளம்பும் முன் வயிறு நிறையச் சோறு போடாதீர்கள், வாந்தி எடுக்கும்.

வந்ததும் முதலில் உள்ளே போகாதீர்கள். எந்த இடத்தில் அது சிறுநீர் கழிக்க வேண்டுமோ அந்த இடத்துக்குக் கயிற்றோடு நடத்திப் போய்க் காத்திருங்கள். முதல் முறை எங்கே போகிறதோ அந்த வாசனையைத்தான் அடுத்த முறையும் தேடும்.

அன்றைக்குக் குளிப்பாட்டாதீர்கள். அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டாதீர்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் 14 நாள் தனித்தனியாக வையுங்கள், அதற்குப் பிறகு இரண்டையும் தெருவில், யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில், பக்கவாட்டில் நடத்திப் பழக்குங்கள். வாசலில் நேருக்கு நேர் விட்டால் பழைய நாய் தன் வீட்டைக் காக்கத்தான் பார்க்கும்.

முதல் இரவு அது தூங்காது. கூடத்தில் பாய் போட்டு நீங்களும் படுங்கள். கொஞ்ச வேண்டாம், மூச்சுச் சத்தம் கேட்டால் போதும்.

6. முதல் மூன்று வாரம்: நேரம் மாறாமல்

அன்பு என்றால் நாம் தடவிக் கொடுப்பதை நினைக்கிறோம். இடம் மாறி வந்த கிழ நாய்க்கு அதைவிடப் பெரிய ஆறுதல், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிவதுதான். 6 மணிக்கு வெளியே, 7 மணிக்குச் சோறு, அதே சட்டி, அதே குரல். நேரம் மாறாமல் 20 நாள் போனால் வால் தானாக ஆடும்.

தூங்கும் நாயைத் தொடாதீர்கள். காது கேளாத நாய் பதறி எழுந்து கடித்துவிடும், அது அதன் தப்பல்ல. தரையில் காலால் இரண்டு தட்டு தட்டினால் அதிர்வில் விழித்துக்கொள்ளும். கண் தெரியாத நாய் என்றால் சாமான்களை இடம் மாற்றக் கூடாது. எங்கள் மணிக்குப் பார்வை இல்லை. என் மனைவியின் கொலுசுச் சத்தம் கேட்டால் அவன் எழுந்து நிற்பான். அதற்காகவே அவள் வீட்டிலும் கொலுசு போடத் தொடங்கினாள்.

வீட்டுக்குள் சிறுநீர் போனால் திட்டாதீர்கள், மூக்கைத் தேய்க்காதீர்கள். அடிக்கடி நடந்தால் அது பழக்கக் கோளாறாக இருக்காது, சிறுநீரகமோ சர்க்கரையோ இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதல் மாதம் முழுக்க வெளியே கயிறில்லாமல் விடாதீர்கள். பழைய இடத்தைத் தேடிப் போய்விடும். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும்.

யாரையாவது கடித்தாலோ பிராண்டினாலோ, தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் சரி, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள்.

7. சாப்பாடு

தயிர் சாதம் மட்டுமே போடுவது நம் பக்கத்தின் பெரிய தவறு. நாய் குண்டாகத் தெரியும், ஆனால் தொடைச் சதை கரைந்துகொண்டே போகும். சதை கரைந்தால் மூட்டு தாங்காது. சிறுநீரகக் கோளாறு இல்லாத நாய்க்கு ஒவ்வொரு வேளையும் முட்டையோ கோழியோ மீனோ இருக்க வேண்டும், முள் எடுத்து, உப்பு காரம் இல்லாமல். அசைவம் சமைக்காத வீடென்றால் வெளியே அடுப்பு வைத்து முட்டை அவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் முடியாதென்றால் வயதான நாய்களுக்கான பாக்கெட் தீனியை ஊறவைத்துக் கொடுங்கள்.

சிறுநீரகம் பழுதான நாய்க்கு இந்தக் கணக்கு மாறும். ரத்தச் சோதனை முடிவைக் காட்டி மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

பழைய தீனியை ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சாம்பார், ரசம், குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு இவையும் கூடாது. பாயசத்தில் திராட்சை இருப்பதை விசேஷ நாளில் மறந்துவிடுவோம்.

8. நம் ஊர்ப் பருவங்கள்

சித்திரை, வைகாசி வெயிலில் காலை 7 மணிக்கு முன்பும் இருட்டிய பிறகும் மட்டும் நடை. தார்ச் சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாக வழிந்து, நாய் தள்ளாடினால் வயிற்றிலும் கால்களிலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

ஐப்பசி, கார்த்திகைதான் உண்மையான சோதனை. வயலும் தெருவும் ஒன்றாகத் தண்ணீர் நிற்கும்போது எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் பரவும். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். கூட்டுத் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். நாய்க்குக் கண் மஞ்சளாகிச் சோறு இறங்காமல் போனால், அதன் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள், அந்தக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். வெளியே போய் வந்ததும் விரலிடுக்கைத் துடைத்துக் காயவையுங்கள். ஈரக் குளிரில் மூட்டு இறுகும், படுக்கைக்கு அடியில் ஒரு மரப்பலகை வைத்தால் தரையின் சில்லிப்பு ஏறாது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கட்டிப் போட்ட நாய்கள்தான் அதிகம் தவித்தன. புயல் எச்சரிக்கை வந்தால் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். 10 நாள் மருந்தும் தீனியும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

தீபாவளி, கோயில் வேட்டு, சாவு வீட்டு வெடி என்று சத்தத்துக்குக் குறைவில்லை. தீபாவளிக்கு 2 வாரம் முன்பே மருத்துவரிடம் பயம் தணிக்கும் மருந்து கேளுங்கள்.

9. ஒரு நோட்டு, ஒரு பேனா

கிழ நாயின் நோய் மெல்ல வரும், தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. எழுதினால் தெரியும். தினமும்: சாப்பிட்டதா, எத்தனை முறை வெளியே போனது. வாரம் ஒரு முறை: தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, குடித்த தண்ணீர் எவ்வளவு. மாதம் ஒரு முறை: எடை.

தூக்கத்தில் மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் ஒரு நாளில் தண்ணீர் குடித்தால், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டரைத் தாண்டினால், சிறுநீரகமும் சர்க்கரையும் சோதிக்க வேண்டும். ராத்திரியில் நோக்கமில்லாமல் சுற்றுவது, மூலையில் முகம் வைத்து நிற்பது மூளைத் தளர்ச்சியாக இருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு, ஒரு சின்ன விளக்கு எரியவிட்டாலும் பதற்றம் குறையும்.

வெளுத்த ஈறு, வீங்கி இறுகிய வயிறு, சிறுநீர் அடைப்பு, அடங்காத வலிப்பு: இந்த நான்கிற்கும் காத்திருக்கக் கூடாது.

நம் வீட்டு வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால், டைக்ளோபினாக், இபுபுரூபன் மூன்றும் நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். "அரை மாத்திரைதானே" என்று கொடுத்து, ரத்தமாக வாந்தி எடுத்த நாயைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓடியவர்களோடு நானும் ஓடியிருக்கிறேன். மூட்டு வலிக்கு நாய்க்கென்றே பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

10. கடைசி நாட்களுக்கு முன்பே முடிவு

இதைத் தள்ளிப்போடாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாய் நன்றாக இருக்கும்போதே, அதற்கு மிகவும் பிடித்த மூன்று விஷயங்களை நோட்டில் எழுதிவையுங்கள். எங்கள் வெள்ளைக்கு அவை: வாசலில் வெயில் காய்வது, அவித்த முட்டை, பால்காரர் சைக்கிள் மணிக்கு ஓடிப் போவது. மூன்றில் இரண்டு நின்றுபோய், நல்ல நாட்களைவிட வலி நாட்கள் அதிகமானபோது நோட்டே எங்களுக்குச் சொன்னது.

படுத்த படுக்கையான நாயை 2, 3 மணிக்கு ஒரு முறை மறுபக்கம் திருப்புங்கள், இல்லையென்றால் புண் வரும். கீழே விரித்த துணி ஈரமானால் உடனே மாற்றுங்கள், ஈ முட்டை வைக்கும் இடம் அதுதான். பஞ்சில் தண்ணீர் நனைத்து வாயோரம் ஒற்றுங்கள். விழுங்காத நாய்க்குப் பால் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

வலி தீராதென்று மருத்துவர் சொன்னால் ஊசி போட்டு உறங்க வைப்பதைப் பற்றிக் கேளுங்கள். முதலில் மயக்க மருந்து, பிறகுதான் கடைசி மருந்து. முறையாகச் செய்தால் நாய்க்கு வலி தெரியாது. வீட்டுக்கே வருவாரா என்று முன்பே கேட்டுவையுங்கள். பக்கத்தில் இருங்கள், அது உங்கள் முகத்தைத் தேடும். சிலர் இதைப் பாவம் என்பார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. வெள்ளையின் தலை என் மடியில் இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

புதைக்கும் இடத்தைக் கோடையிலேயே முடிவு செய்யுங்கள். டெல்டாவில் மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். கொல்லையில் மேடான இடமாக, கிணற்றுக்கும் கைப்பம்புக்கும் வாய்க்காலுக்கும் நன்றாகத் தள்ளி, 4 அடி ஆழம் போகும் இடமாகப் பாருங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள், மேலே கருங்கல் வைத்தால் நரியும் தெருநாயும் தோண்டாது. சொந்த மண் இல்லாதவர்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ முன்பே கேட்டுவைப்பது நல்லது.

மூடும் முன் வீட்டில் இருக்கும் மற்ற நாயை ஒரு முறை மோந்து பார்க்க விடுங்கள். தெரியாமல் போனால் அது பல நாள் வாசலில் தேடும். மருந்துப் பெட்டியில் பிரிக்காத மாத்திரைகள் இருந்தால் மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள், வேறொரு கிழ நாய்க்கு ஆகும். சாக்குகளைக் கொதிநீரில் துவைத்து இரண்டு நாள் வெயிலில் போட்டு, மடித்துப் பரணில் ஏற்றுங்கள். நிலைப்படியில் சரிவாக வைத்த பலகையைக் கழற்ற வேண்டாம்.